விரிவு அல்ல, ஆழம்

சென்ற வாரம் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் தொடங்கி 1899 ஹேக் பிரகடனம் வரை வந்தோம். உடலுக்குள் விரியும் குண்டுகளுக்கு அங்கே விதிக்கப்பட்ட தடை, நாடுகளுக்கு இடையிலான போருக்கானது. காவல்துறையையும் தனிமனிதரின் தற்காப்பையும் அது கட்டுப்படுத்தவில்லை. அதனால் இன்று அமெரிக்காவின் துப்பாக்கிக் கடைகளில் ‘ஹாலோ பாயின்ட்’ எனப்படும் குழிமுனைத் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குண்டின் முனையில் ஒரு குழி. உடலின் ஈரத்திசு அதற்குள் அடைபட்டு அழுத்தும்போது உள்ளிருக்கும் ஈயமும் அதைச் சுற்றிய செம்பு உறையும் இதழ் இதழாக மடிந்து வெளிப்பக்கம் திரும்புகின்றன. அப்படி மலர்ந்த குண்டின் படத்தைக் காட்டித்தான் விளம்பரங்கள் செய்யப்படுகின்றன. எது அதிகமாக விரிகிறதோ அதுவே சிறந்தது என்று வாங்குபவரும் நம்பிவிடுகிறார். பயத்தோடு கடைக்கு வருகிறவரிடம் இந்த அளவுகோலைக் கொடுப்பது ஆபத்தானது. ஒரு குண்டு எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதே முதல் கேள்வி. எவ்வளவு விரிகிறது என்பது அதற்கு அடுத்துத்தான்.

இதற்கான சான்று ரத்தத்தில் எழுதப்பட்டது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி அருகே எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர், வங்கிக் கொள்ளையர்களான மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரையும் காரோடு மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி சுட்ட 9 மி.மீ. சில்வர்டிப் ரகக் குண்டு பிளாட்டின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. குண்டு தயாரிப்பாளர் சொன்னபடியே விரிந்தது. காயமும் உயிரைப் பறிக்கக்கூடியதே. ஆனால் பிளாட் உடனே விழவில்லை. ரைஃபிளோடு தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். திட்டமிடலில் நேர்ந்த தவறுகளை மறைக்க எஃப்.பி.ஐ. தோட்டாவின் மீது பழி போட்டது என்று வாதிடுவோர் உண்டு. ரைஃபிளுக்கு எதிராகப் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளை நம்பிப் போனது பெரும் பிழை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனாலும் அந்த ஓர் அங்குலம் அங்கேயே இருக்கிறது. கைக்குள் புகுந்து வந்ததால் குறைந்துபோன ஆழம் அது. எதிரே நிற்பவர் கையை நீட்டித் துப்பாக்கி பிடித்திருக்கும்போது, குண்டு முதலில் கையைச் சந்திப்பது இயல்பாக நடக்கக்கூடியதே.

அப்படியொரு தோட்டா ஏன் தேர்வானது? 1970களில் அமெரிக்க அரசு ஆதரவில் நடந்த ஆய்வு, குண்டு கடக்கும் கணத்தில் திசு உப்பி விரியும் தற்காலிகக் குழிவைப் பெரிதாக மதிப்பிட்டது. அந்தக் கணக்கில், எடை குறைந்து வேகமாகப் போய் மேலோட்டமாகவே விரிந்துவிடும் குண்டுகள் முதலிடம் பிடித்தன. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் இதை மறுத்தார். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பெரும்பாலான திசுக்கள் ரப்பராக இழுபட்டுத் திரும்பிவிடும். உண்மையில் சேதப்படுவது குண்டு நேரடியாக நசுக்கிச் சென்ற பாதை மட்டுமே. 1989இல் வெளியான எஃப்.பி.ஐ. அறிக்கையும் இதையே சொன்னது. இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனில் ஒருவர் 10 முதல் 15 விநாடி வரை இயங்க முடியும் என்று அது எச்சரித்தது. ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ‘ஸ்டாப்பிங் பவர்’ என்ற விற்பனைச் சொல் அந்த 10 விநாடிகளை மறைத்துவிடுகிறது.

தோட்டாக்களை ஒப்பிடப் பின்னாளில் வந்த முறை எளிமையானது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். முதலில் ஒரு சிறு எஃகு ரவையை விநாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் அதற்குள் சுடுவார்கள். ரவை ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால்தான் அந்தக் கட்டி சோதனைக்குத் தகுதியானது. அதன்பின் வெறும் ஜெலட்டின், கனத்த துணி, எஃகுத் தகடு, ஜிப்சம் சுவர்ப்பலகை, பிளைவுட், கார்க் கண்ணாடி என ஒவ்வொன்றின் வழியாகவும் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டு 12 முதல் 18 அங்குல ஆழத்துக்குள் நிற்க வேண்டும். ஜெலட்டினில் எலும்பும் இல்லை, தோலும் இல்லை, அது எப்படி மனித உடலாகும் என்று கேட்கலாம். ஆகாதுதான். அது உடலுக்கு நகல் அல்ல. எல்லாத் தோட்டாக்களையும் ஒரே தராசில் நிறுத்தும் எடைக்கல். ஒருவரின் காயத்தை அது கணித்துச் சொல்லாது, இரண்டு தோட்டாக்களில் எது நம்பகமாக ஒரே மாதிரி நடக்கிறது என்பதைச் சொல்லும்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஆழம் கூடினால் குண்டு மறுபுறம் வெளியேறி, பின்னால் நிற்கும் அப்பாவியைத் தாக்காதா? இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 18 அங்குலம் என்ற மேல்வரம்பு அதற்காகவும்தான். விரிவின் மெய்யான பயன் இங்கேதான்: குண்டின் முகப்பு அகலமாவதால் அது வேகமிழந்து உடலுக்குள்ளேயே நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. விரியாத முழு உறைக் குண்டுகளை விட்டு, 1998இல் நியூயார்க் காவல்துறை குழிமுனைக்கு மாற முடிவெடுத்ததற்கும் காரணம் இதுவே. ஆனால் ஊடுருவி வெளியேறும் குண்டைவிடப் பெரிய ஆபத்து, இலக்கில் படாமலே போகும் குண்டு. அதே நியூயார்க் காவல்துறையைப் பற்றி 2008இல் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, இருதரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் காவலர்கள் சுட்டவற்றில் இலக்கைத் தொட்டவை 18 சதவீதமே. மீதிக் குண்டுகள் எங்கோ போகின்றன. குழிமுனைக் குண்டு வீட்டுச் சுவரைத் தாண்டாது என்ற நம்பிக்கையோ முற்றிலும் பொய். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் சுவரில் பட்டால் தூள் குழியை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குண்டு விரியாமல், சாதாரணக் குண்டாக அடுத்த அறைக்குள் பாயும். அங்கே தூங்குவது குழந்தையாகவும் இருக்கலாம்.

இந்த அடைப்பைத் தவிர்க்கத்தான் நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. ஹார்னடி தன் குழியை ரப்பர் போன்ற பாலிமரால் நிரப்புகிறது. ஸ்பியரின் கோல்ட் டாட் ரகத்தில் உறை ஈயத்தோடு ஒட்டியே உருவாவதால் கண்ணாடியில் மோதினாலும் எளிதில் பிரிவதில்லை. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றங்கள். மயாமிக்குப் பிறகு 10 மி.மீ., பின்பு .40 எனப் பெரிய தோட்டாக்களைத் தேடிப் போன எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே 2014இல் 9 மி.மீ.க்குத் திரும்பலாம் என்று பரிந்துரைத்தது. நல்ல குண்டுகளில் ஆழ வித்தியாசம் சுருங்கிவிட்டது, உதைப்பு குறைந்த துப்பாக்கியில் குறி தப்புவதும் குறைகிறது என்பதே அதன் வாதம். ஆகவே சோதனையில் தேறிய இரண்டு தோட்டாக்களுக்கிடையே விரிவில் தெரியும் மயிரிழை வித்தியாசத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. சோதனை முடிவுகளின் அட்டவணையில் இன்னொன்றைத் தேடிப் பார்க்கலாம்: அந்தச் சோதனை எந்த நீளக் குழலில் நடந்தது? காவலர் துப்பாக்கியின் நான்கங்குலக் குழலில் நன்றாக விரிந்த குண்டு, சட்டைப்பைத் துப்பாக்கியின் குட்டைக் குழலில் அந்த வேகத்தை எட்டாமல் விரியாமலே போகலாம். பெட்டியின் மேலிருக்கும் படம் அதைச் சொல்வதில்லை.

(தொடரும்)