கூழ் அண்டாவுக்குப் பின்னால் ஒரு எஞ்சாமி

தலையைக் குனிஞ்சுக்கோங்க, ட்யூப்லைட் கட்டியிருக்கும் சவுக்குக் கட்டை நெற்றியில் இடிக்கும். அந்த வயரைத் தாண்டுங்க. ஆச்சு! அம்பத்தூரில் ஓர் ஆடித் திருவிழா மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டோம். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சீரியல் லைட்டும் அம்மன் கட் அவுட்டும். நமக்கு? அவிழ்ந்த செருப்புகள், பெட்ஷீட் சுற்றிய கீபோர்டு, பாதி பிரித்த எலுமிச்சை சாதப் பொட்டலம், அதன் மேலேயே ஒரு மைக்.

இன்றைக்கு இந்த மெல்லிசைக் குழுவின் துருப்புச்சீட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் 2021 மார்ச்சில் வந்த பாட்டு. யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் துண்டுச்சீட்டில் நேயர் விருப்பமாக வந்துகொண்டே இருக்கிறதாம்.

அறிவு வரிகளைப் பாடப்போகிறவர் அதோ, முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார். தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார். கையில் இன்னும் ஆயில் வாசம். பளபள ஜிப்பாவுக்குள் கம்பெனிச் சட்டை அப்படியே இருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. தீ வரிகளுக்கு ஆவடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண். தாவணிக்கு ஊக்குக் கிடைக்காமல் செல்போன் சார்ஜர் கிளிப்பை மாட்டியிருக்கிறாள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!

திடீரென்று விழாக்குழு அண்ணன் நுழைகிறார், முகம் கடுகடு. தலைப்பில் ‘சாமி’ இருக்கிறதே என்று பக்திப் பாட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தவரே அவர்தான்! ‘என் சாமி’ என்ற கொஞ்சல் அது என்று இப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “நடுவுல ஒப்பாரி மாதிரி வருதாமே? ஆத்தா மேடையில ஒப்பாரியா?”

ரிதம் பேட் தம்பி விளக்க முயல்கிறான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர், நிலமில்லாதவர்களின் பாட்டு இது என்கிறான். அண்ணனுக்குப் பாதி காதில் ஏறவில்லை. அரக்கோணம் லோக்கல் தடதடத்துப் போகிறது. “அறிவு ஊருக்குத்தான் அந்த வண்டி போகுதுண்ணே” என்கிறான் தம்பி. அண்ணன் கொஞ்சம் இளகுகிறார்.

பின்னால் கூழ் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆயா தலையைத் தூக்குகிறார். “ஆத்தாவுக்கு அழுகைன்னா தெரியாதா? மொதல்ல தாளத்தைச் சரியா அடிக்கச் சொல்லு.” சொன்னவர் சும்மா இருக்கவில்லை. காலி அண்டாவில் கரண்டியால் தட்டி, மூக்கும் தொண்டையுமாக ஓர் இழுவை இழுக்கிறார். ஐயோ, நீங்களும் கேட்டீர்கள்தானே! மூன்று நாளாக இந்தப் பெண்ணுக்கு வராமல் மக்கர் செய்த இடம் அது. “ஆயா, இன்னொருக்கா” என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பக்கம் கீபோர்டுக்காரர் பழைய கதையைக் கிளறுகிறார். பாட்டு ஹிட்டானதும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கிளம்பிய சச்சரவு: 2021-இல் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லை, 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், அங்கேயும் அவர் இல்லை. அறிவு, தீ, தான் என மூவருக்குமே இதுவரை பைசா வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். லேத் பாடகர் திரும்பிப் பார்த்து, “அப்போ இன்னிக்கு நம்ம வாங்குற அட்வான்ஸே அவங்களை விட ஜாஸ்தி!” என்றார். சிரிப்பில் எலுமிச்சை சாதம் புரையேறுகிறது. எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கசந்தது.

ஜெனரேட்டர் உறுமுகிறது. பெயர் சொல்லி அழைத்தாயிற்று. படுதா இடுக்கில் கண்ணை வையுங்கள்: முதல் வரிசைக் குட்டிகள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். ஒப்பாரி இடம் வருகிறது. அவள் குரல் அப்படியே ஆயாவின் இழுவை. அண்ணன்? மேடையோரம் துண்டைச் சுழற்றி ஆடுகிறார்.

ஒன்ஸ்மோரும் முடிந்து, ஜிப்பா ஒட்டிப்போய் இறங்கிவந்த லேத் பாடகர் கேட்ட முதல் கேள்வி: “ஆயா, கூழ் இருக்கா?”

ஆயா முந்தானைக்கு அடியிலிருந்து ஒரு சொம்பை எடுக்கிறார். மேலே ரெண்டு சின்ன வெங்காயம்.