இழைப்பு இயந்திரத்தில் புதிய வெட்டுருளை

நட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழிந்து வெட்டப்படும் ரப்பர் மரம் முன்னாளில் பெரும்பாலும் விறகாயிற்று. இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் உருப்பெறுகின்றது. அம்மரத்தை இழைக்கும் இயந்திரத்தில் நீள்கத்திகளை நீக்கி, சிறுகத்திகள் பதித்த உருளையைப் பொருத்தியபின் பலகையில் கோடு விழுவதுண்டு.

பள்ளக் கோடாயின், ஒரு கத்தி உயர்ந்து நிற்கின்றது. அதன் அடியில் மரத்தூள் சிக்கியிருக்கலாம். மேட்டுக் கோடாயின், கத்தியின் வாய் உடைந்திருக்கலாம். முதலில் மின்தொடர்பைத் துண்டிப்போம். கத்தியைக் கழற்றி, அது அமரும் இடத்தைத் துடைத்து, அளவோடு முடுக்குவோம்; மிகையாக முடுக்கினால் கத்தி விரிசலுறும். உடைந்த சதுரக் கத்தியைத் திருப்பிவைத்து அடுத்த வாயைப் பயன்படுத்தலாம். இயந்திரம் திணறினால் இழைப்பின் ஆழத்தைக் குறைப்போம்.

மின்தொடர்பை அகற்றாமல் உருளையருகே கை நீட்டுதல் கூடாது. பலகை வேறு கிடைக்கும், விரல் கிடைக்காது.