தங்கமீனுக்குக் காணும் புண் வியாதியும் அதற்குரிய சிகிச்சையும்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில், கூடத்தின் ஓரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்ப்போர் உண்டு. அலங்கார மீன் உற்பத்திக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் பிறந்த மீன்கள், பிளாஸ்டிக் பைகளில் அடைபட்டுப் பல கை மாறி இவ்வூர்களுக்கு வந்து சேருகின்றன. வந்து சில வாரங்களில் மீன் இரை எடுக்காமல் தொட்டியின் அடியில் ஒதுங்கி நிற்கும். துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுக்கும். விலாப்புறத்தில் ஒரு செதிள் உதிர்ந்து, அவ்விடம் சிவக்கும். வீட்டிலுள்ள குழந்தைகள் அழ ஆரம்பித்தவுடன், எப்பொழுதோ காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைக் குப்பியைத் தேடி, அதிலொன்றைத் தண்ணீரில் கரைத்து விடுவதே பலரும் செய்யும் முதற்காரியம். மீன் பெரும்பாலும் மாய்வது இதற்குப் பிறகே.

இப்புண்ணுக்குக் காரணமான கிருமிகளில் முக்கியமானது ஏரோமோனாஸ் என்னும் இனம். இது வெளியிலிருந்து புதிதாக வந்து புகுவதன்று. குளம், ஆறு, கிணறு, தொட்டி யாவற்றிலும் எப்பொழுதும் இருப்பது. நல்ல நிலையிலுள்ள மீனின் மேல் வழுவழுப்பான கோழைப்படலம் இருக்குமளவும் இக்கிருமியால் யாதொரு தீங்கும் விளையாது. படலம் கெட்டாலும், மீனின் பலம் குன்றினாலும் அது உட்புகுந்துவிடும். பட்டை அறிந்த ஊரார்க்கு இதை விளக்குவது எளிது. 1865-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் பட்டுப்புழுக்களுக்குக் கண்ட கொள்ளைநோயை ஆராயச் சென்ற லூயி பாஸ்டர், அங்கே இரண்டு வியாதிகள் கலந்திருப்பதைக் கண்டார். அவற்றுள் புழு தளர்ந்து கறுத்துச் சாகும் வியாதிக்குக் கிருமி மட்டுமின்றி, நெருக்கமும், காற்றோட்டக் குறைவும், கெட்ட இலையும் துணை நிற்பதை எடுத்துக் காட்டினார். தங்கமீனின் புண்ணும் ஏறக்குறைய இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகையால் மருந்தைத் தேடுமுன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. தொட்டியின் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் நல்ல நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். வாங்கிய முதல் மாதத்திலேயே மீன் நோயில் விழுவதன் இரகசியம் இதுவே. இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் உருண்டைக் கண்ணாடிக் குடுவை பார்வைக்கு அழகாயிருக்கலாம். மீனுக்கு அது சிறைக்கூடம். ஒரு தங்கமீனுக்கு நாற்பது லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெயிற்காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். அந்தச் சூட்டில் கிருமியோ வேகமாகப் பெருகும். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரைச் சூடேற்றும் வழக்கத்தை இங்கே பின்பற்றுவது பெருந்தவறு.

நெசவு ஊருக்கென்றே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நூலுக்குச் சாயம் ஏற்றவும், சோப்பும் சோடாவும் இட்டுப் பசை நீக்கவும் பயன்பட்ட வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன் தொட்டிக்கு உபயோகிக்கலாகாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் இரவு முழுதும் நின்ற தண்ணீரும் ஆகாது. மனிதருக்கு நல்லதென்று கருதப்படும் அதே செம்பு மீனின் செவுளுக்கு விஷம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே ஊற்ற வேண்டும்.

நோயை அடையாளம் காண்பதிலும் ஏமாற்றம் நேர்வதுண்டு. ஆண் மீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் இனப்பெருக்கக் காலத்தில் வெண்ணிற முத்துக்கள் வரிசையாகத் தோன்றும். அவை நோயல்ல, மருந்திட வேண்டா. வாயோரத்தில் சாம்பல் நிறப் பஞ்சு போலப் படர்வதைப் பூஞ்சணமென்று பலர் எண்ணுவர். அதுவும் பலவேளை பிளேவோபாக்டீரியம் என்னும் கிருமியின் வேலையே. உடலில் நூல்போல் தொங்கும் நங்கூரப்புழுவோ, தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மீன்பேனோ இருக்கின்றதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்ப்பது அவசியம். அவை கடித்த வாயிலேயே கிருமி புகுவதால், அவற்றை ஒழிக்காமல் புண்ணை ஆற்ற முடியாது.

நோயுற்ற மீனை நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியொன்றில் தனியே விட்டு, மணல் போடாமல், காற்றுப் பம்பு ஒன்றை இடைவிடாது ஓடவிட வேண்டும். நாள்தோறும் மூன்றிலொரு பங்கு தண்ணீரை, அதே சூடுள்ள புதுத் தண்ணீரால் மாற்றுக. பழைய தொட்டியிலும் இவ்வாறே தண்ணீரை மாற்றி வருக. இரை குறைவாகவே போதும். தின்னாமல் மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த பட்டுக் கூட்டுப்பூச்சியைக் காயவைத்து இரையாக இடுவோர், சிக்கு நாற்றம் கண்டதை அறவே விலக்குக.

அடுத்தது உப்பு. மீனின் இரத்தத்திலுள்ள உப்பு, சுற்றியுள்ள நன்னீரைவிட மிக அதிகம். தோல் கிழிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே ஊறி, உப்பு வெளியே கசியும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் ஓயாது உழைக்க வேண்டியிருக்கும். தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பு சேர்ப்பதால் இப்பாரம் குறைகிறது. நாற்பது லிட்டருக்கு 80 கிராம். அதை மூன்று பங்காக்கி ஒரு நாளில் சிறுகச் சிறுகக் கரைத்து விடுக. இந்த அளவு உப்பு கிருமியைக் கொல்வதில்லை. மீன் தானே போராடுவதற்கு வலுவைத் தருகிறது, அவ்வளவே. தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். தினமும் முழு அளவையும் போட்டு மீனை ஊறுகாயாக்கியவர்களும் இருக்கிறார்கள்.

துடுப்பழுகலுக்கும் மேலோட்டமான புண்ணுக்கும் பொட்டாசியம் பர்மாங்கனேட் உதவும். ஆனால் கண்ணளவில் போடும் பொருளன்று அது. ஒரு கிராம் உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அக்கரைசலில் தொட்டித் தண்ணீரின் ஒவ்வொரு லிட்டருக்கும் 2 மில்லி வீதம் சேர்த்தால் சரியான அளவு கிடைக்கும். நான்கு மணி நேரத்திற்குள் பாதித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். மீன் மேலே வந்து காற்றுக்கு ஏங்கினால் உடனே மாற்றுக. இதனோடு பார்மலினைச் சேர்க்கலாகாது. ஆழ்ந்த புண்ணாயின், ஈரத்துணியில் மீனைத் தாங்கி, போவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டுப் புண்ணில் மட்டும் ஒற்றுக, செவுளில் படலாகாது.

நான்கைந்து நாட்களில் சிவப்பு குறையவில்லையானால், அல்லது புண் குழியாகிக் கொண்டே போனால், கிருமிநாசினி மருந்துக்குக் கால்நடை மருத்துவரை நாடுவதே முறை. மனிதருக்கான மாத்திரையைத் தண்ணீரில் கரைப்பது ஏன் பயனற்றது என்பதை இங்கே சற்று விரிவாகக் கூறுவது தகும். வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆம்பிசிலின் அல்லது அமாக்ஸிசிலின் வகை. ஏரோமோனாஸ் கிருமி இவ்வகை மருந்தைச் சிதைக்கும் சத்தைத் தன்னிடத்தே இயற்கையாகவே உடையது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் பயன்படும் மருந்துதான். ஆயினும் சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீரில் அம்மருந்து கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து வலுவிழக்கிறது. கிணற்று நீர் உபயோகிப்போர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். மேலும், தண்ணீரில் கரைத்த மருந்து வடிகட்டியிலுள்ள நல்ல நுண்ணுயிரையும் கொல்லக்கூடும். அம்மோனியா மறுபடி ஏறி, மருந்தே நஞ்சாகிவிடும். மீன் இரை எடுக்கும் வரையில் மருந்தை இரையில் கலந்து, மீனின் எடைக்குத் தக்கபடி, சொன்ன நாள் முழுவதும் கொடுப்பதே பலன் தரும். இரண்டு நாளில் தேறியதென்று நிறுத்தினால், எஞ்சிய கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும். புண்ணிலிருந்து எடுத்த கசிவைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தால் எம்மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது விளங்கும். 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொன்னேரிக் கல்லூரி, ஆரணியார் ஆலோசனை கேட்கக்கூடிய தூரத்தில் உள்ளது.

வயிறு ஊதி, செதிள்கள் அன்னாசிப் பழத்தின் மேற்புறம் போல் எழும்பி, கண் பிதுங்கிய மீன் அநேகமாகப் பிழைப்பதில்லை. சிறுநீரகம் செயலற்றுப் போனதன் குறி அது. அந்நிலையில் மருந்து மேல் மருந்து இட்டு வதைப்பதைவிட, கால்நடை மருத்துவரைக் கேட்டு, கிராம்புத் தைலத்தால் வலியின்றி உறங்கச் செய்வதே கருணை. குழந்தைகளிடம் இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

பிழைத்தாலும் மாய்ந்தாலும், அம்மீனையோ தொட்டித் தண்ணீரையோ கமண்டல நாக நதியிலும் ஏரியிலும் கோயிற் குளத்திலும் விடலாகாது. நோய் அங்குள்ள மீன்களுக்குப் பரவும். தங்கமீன் நம் நீர்நிலைகளுக்கு உரிய இனமும் அன்று. தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமான வெறுந்தரையில் ஊற்றுக. வலையையும் வாளியையும் பர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்துக. இழை அறுத்தோ, ஜரிகை கீறியோ விரலில் வெட்டுக்காயம் உள்ள நெசவாளர் தொட்டியில் கையிடுவதை விட்டுவிட வேண்டும். ஏரோமோனாஸ் மனிதரின் காயத்தையும் பற்றும். மீன்தொட்டியிலிருந்து தொற்றும் மைக்கோபாக்டீரியம் என்னும் மற்றொரு கிருமி விரலில் ஆறாத முடிச்சுக்களை எழுப்பி, குணமாக மாதக்கணக்கில் பிடிக்கும். அவ்வாறு முடிச்சு காணின், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுக. ரப்பர் கையுறை அணிவதாயின் இத்தொல்லை வாராது.