கையில் 125 கோடி, காகிதத்தில் 25 கட்டம்

2025 டிசம்பர் 16, மார்கழி முதல் நாள். காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை. பிற்பகலில் அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம். ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து ரசிகர்கள் பலருக்கு ஏலம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். மொட்டை மாடியிலோ ஹாஸ்டல் அறையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டு நடத்தும் 'மாக் ஆக்‌ஷன்' அது. காசு கிடையாது. ஒருவர் ஏலம் விடுகிறார், மற்றவர்கள் கை தூக்குகிறார்கள். "மச்சான், உன் பர்ஸ்ல இன்னும் எவ்ளோ இருக்கு?" என்பதுதான் அங்கே அதிகம் கேட்கும் கேள்வி.

விதிகள் நிஜ ஏலத்தின் விதிகளேதான். 2026 சீசனுக்கு ஒரு அணி செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை 125 கோடி ரூபாய். அதிகபட்சம் 25 வீரர்கள், குறைந்தது 18. வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது. களத்தில் இறங்கும் பதினொருவரில் 4 பேர்தான். ஒரு தாளில் 25 கட்டம் போட்டு உட்கார்ந்தால் முதல் 11 கட்டம் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். திணறல் ஆரம்பிப்பது 12-வது கட்டத்தில். ஓப்பனருக்குக் காயம் என்றால் யார்? கீப்பருக்கு மாற்று யார்? டெத் ஓவர் போட இரண்டாவது ஆள் எங்கே? அதற்குள் பர்ஸ் காலியாகியிருக்கும்.

இந்த விளையாட்டுக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. பேஸ்பால் வீரர்களின் புள்ளிவிவரங்களை அட்டைகளில் அச்சிட்டு, பகடை உருட்டி ஆடும் 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' ஆட்டத்தை ஹால் ரிச்மன் 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். பக்கத்தைப் புரட்டி ரன் எடுக்கும் நம் புக் கிரிக்கெட்டுக்கு அண்ணன் முறை. 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஆளுக்கொரு பட்ஜெட் வைத்து பேஸ்பால் வீரர்களை ஏலம் எடுத்து, கற்பனை அணிகளை நடத்தத் தொடங்கினார்கள். இன்றைய ஃபேன்டஸி விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் அதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஐ.பி.எல்.லில் சென்னை அணியின் முதல் தாளை நிரப்பியவர் மயிலாப்பூர்வாசியான மறைந்த வி.பி.சந்திரசேகர். 1988 இரானி கோப்பையில் 56 பந்துகளில் சதம் அடித்த அதே அதிரடி ஓப்பனர். 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 6 கோடி ரூபாய். மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி என்று 'ஐகான்' வீரர்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தார்கள். சென்னைக்கு அப்படி யாரும் இல்லாததால் தோனிக்காகத் துணிந்து கேட்க முடிந்தது.

எல்லோரும் தோனியைப் பற்றித்தான் பேசுவோம். ஆனால் அதே 2008 அணியில், ஓர் ஆட்டத்தில்கூட இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பையன் ஒருவர் உண்டு. ரவிச்சந்திரன் அஸ்வின். 2011 இறுதிப் போட்டியில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை டக் அவுட்டாக்கி ஆட்டத்தைத் திருப்பியவர் அவர்தான். அணியின் எதிர்காலம் 12-லிருந்து 25 வரையுள்ள கட்டங்களில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

2025 சீசன் அதே பாடத்தை வலிக்க வலிக்கச் சொல்லிக்கொடுத்தது. ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18, பதிரானா 13, துபே 12, தோனி 4 என்று ஐந்து பேரைத் தக்கவைக்கவே 65 கோடி போயிற்று. ஏலத்தில் அஸ்வினை 9.75 கோடிக்கும் நூர் அகமதை 10 கோடிக்கும் எடுத்து, சேப்பாக்கத்துக்கென்று ஒரு சுழற்பந்துக் கூட்டணியைக் கட்டினார்கள். தாளில் அழகாக இருந்தது. களத்தில், சொந்த மண்ணிலேயே கொல்கத்தாவிடம் 9 விக்கெட் இழப்புக்கு 103 என்று சுருண்டோம். 14 ஆட்டங்களில் 4 வெற்றி. வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம். ஆறுதல் தந்தவர்கள் பாதியில் மாற்று வீரர்களாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும்தான்.

நிர்வாகமும் இதை உணர்ந்துகொண்டது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்த ஜடேஜாவை அனுப்புவது லேசான முடிவா? பிறகு அபுதாபியில், கையிலிருந்த 43.40 கோடியில் 28.40 கோடியை, இந்தியாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் ஆளுக்கு 14.20 கோடி என்று கொடுத்தார்கள். விலை அதிகம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் திசை சரி.

இதற்கிடையே, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. ஃபேன்டஸி செயலிகளும் பணப் போட்டிகளை நிறுத்தின. நல்லதுதான். பணம் போட்டு ஆடியவர் அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தார். காசில்லாமல் அணி கட்டுபவர் மூன்று வருடத்தைப் பார்க்கிறார்.

ஆகவே, அடுத்த ஏலத்துக்குத் தாள் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கத்தை மாற்றி 25-வது கட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். டி.என்.பி.எல்., ரஞ்சி ஆட்டங்களைப் பாருங்கள். நட்சத்திரங்களின் பெயரை எழுதும் முன் இருபது வயதுக்காரர்கள் நால்வரின் பெயரை எழுதுங்கள். உங்கள் தாளில் இன்று யாரும் கண்டுகொள்ளாத ஒரு பெயர், நாளை சேப்பாக்கத்தில் புதுப் பந்தைக் கையில் வாங்கலாம்.