உஷார்! ஊரை விட்டே போகாதவருக்கும் வரும்

முதலில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை எட்டிப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா? கொசு வளரும் இடம் அது. கொட்டிவிட்டு வந்து மேலே படியுங்கள்.

2001 செப்டம்பர். ஹவாய்த் தீவுகளில் மௌயி. மழையும் காடுமாகக் கிடக்கும் ஹானா பக்கம் ஒருவருக்குக் காய்ச்சல். பார்த்தால் டெங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் மனிதர் எந்த வெளிநாட்டுக்கும் போனவர் இல்லை. ஹவாயில் உள்ளூரிலேயே டெங்கு பரவியது 1944-க்குப் பிறகு கிடையாது. யாருக்குச் சந்தேகம் வரும்?

டெங்குவேதான்! மௌயியில் 92 பேர், ஓவாகுவில் 26, கவாயில் 4. மொத்தம் 122 பேருக்கு உறுதியானது. நல்லகாலம், யாரும் சாகவில்லை.

எங்கிருந்து வந்தது? நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த வைரஸின் மரபணுவைப் பார்த்தார்கள். அப்போது தாஹிதித் தீவில் பரவிக்கொண்டிருந்த டெங்கு முதல் வகையோடு நெருங்கிப் பொருந்தியது. நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல்! நாலு தெருவைத் தாண்டவே சோம்பல்படும் கொசுவா பறந்து வந்தது? விமானத்தில் வந்தது மனிதர்கள். வைரஸ் அவர்கள் ரத்தத்தில் டிக்கெட் இல்லாமல் வந்தது.

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டெங்கு தொற்றிய பலருக்குக் காய்ச்சலே வராது. வருகிறவர்களுக்கும் அதற்கு ஓரிரு நாள் முன்பே ரத்தத்தில் வைரஸ் ஓடும். அப்போது கடிக்கிற கொசு, பத்து நாள் போனால் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயார். ஹவாயில் அந்த வேலையைப் பார்த்தது முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட ஏடிஸ் கொசு. நம் ஊர்த் தோப்புகளில் பட்டப்பகலில் கணுக்காலைப் பதம் பார்க்கிறதே, அதுவேதான்!

காய்ச்சல் விட்டதும் நிம்மதி ஆகிவிடாதீர்கள்! ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான்.

வயிறு விடாமல் வலிக்கிறதா? வாந்தி நிற்கவில்லையா? ஈறில் ரத்தமா? பிள்ளை துவண்டு கிடக்கிறதா, காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லையா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆட்டோவைப் பிடியுங்கள்.

உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்! பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுதான்.

காய்ச்சலில் படுத்திருப்பவருக்குக் கொசுவலை கட்டுங்கள். பகலிலும்! அவரைக் கடித்த கொசு அடுத்து உங்கள் மடியில் இருக்கிற குழந்தையிடம்தான் வரும்.