தாய்மாமனைப் பற்றி ஒரு கேள்வி

எட்டு மாத ஆண் குழந்தை. முதல் ஆறு மாதம் கொழுகொழுவென்று இருந்தது. அதன் பிறகு இரண்டு முறை நிமோனியா, ஓயாத காதுச் சீழ். வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் கண்ணுக்கே தெரியவில்லை. தாயின் தம்பி சிறு வயதிலேயே கிருமித் தொற்றால் இறந்தவர். இந்தக் குழந்தையின் இரத்தத்தில் எந்த அணு இல்லை?

மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இப்படி ஒரு கேள்வியைத் தேர்வில் எப்படியும் ஒருமுறை சந்திப்பார்கள். சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கமிருந்து பீடோங் எய்ம்ஸ்டுக்குப் போனாலும் வெளிநாட்டுக்குப் போனாலும் இது மாறாது. பலர் சிடி-3, சிடி-4, சிடி-19 என்று எண்களை வாய்ப்பாடு போல உருப்போடுகிறார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே அது மறந்துவிடும்.

பத்து கவான் தொழிற்சாலை ஊழியர்களின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் எல்லா லிம்ஃபோசைட் அணுக்களும் ஒன்று போலவே தெரியும். அவற்றின் மேற்பரப்பில் உள்ள புரதங்களே அட்டை. சிடி-3 இருந்தால் டி அணு. அதிலும் உதவி செய்பவை சிடி-4, கொல்பவை சிடி-8. சிடி-19 இருந்தால் பி அணு. இந்த அட்டைகளில் போய் ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணுவதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி.

'பி' என்ற எழுத்து வந்தது கோழியிடமிருந்து. கோழியின் பின்பகுதியில் பர்சா என்ற சிறு பை உண்டு. 1950களில் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், அதை நீக்கிய கோழிகளால் எதிர்ப்பான்களை, அதாவது ஆண்டிபாடிகளை, உருவாக்க முடியவில்லை என்று கண்டார். அந்தக் கட்டுரை 1956இல் வெளிவந்தது கோழி வளர்ப்பு அறிவியல் இதழ் ஒன்றில்! மருத்துவ உலகம் அதைக் கவனிக்கவே சில ஆண்டுகள் ஆயின.

இனி நம் குழந்தைக்கு வருவோம். தாயின் ஐஜிஜி எதிர்ப்பான்கள் நச்சுக்கொடி வழியாக வந்து சில மாதங்கள் காவல் காக்கும். ஆறு மாதம் நன்றாக இருந்ததன் இரகசியம் அதுதான். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு குழந்தையே தயாரிக்க வேண்டும். இவனிடம் தயாரிக்கும் பி அணுவே இல்லை. சிடி-19 ஏறக்குறைய பூஜ்யம், சிடி-3 இயல்பான அளவு. டான்சில் பெரும்பாலும் பி அணுக்களால் ஆனது என்பதால் அதுவும் வளரவில்லை. 1952இல் இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இந்தக் குறையை முதலில் விவரித்தார். காரணமான பிடிகே மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய் நலமாக இருந்தபடியே மகனுக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே மருத்துவர் கேட்க வேண்டியது அப்பா வழியை அல்ல, தாய்மாமனை. "உங்க தம்பிங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா அம்மா?" என்று கேட்டால், பாட்டி பக்கத்தில் இருந்தால், எஸ்டேட் காலத்தில் "காய்ச்சலில் போன" பிள்ளையின் கதை வெளியே வரும். மாமன்மார் எல்லாரும் நலம் என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. சில குழந்தைகளிடம் மரபணுப் பிழை புதிதாகவே தோன்றும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில், பெண் குழந்தைகளையும் தாக்கும் வேறு வகைக் குறைபாடுகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. வீட்டாருக்குக் கசந்தாலும் அதையும் கேட்கத்தான் வேண்டும்.

தேர்வில் மாணவர்கள் வழுக்கும் இடம் வேறு. எதிர்ப்பான் குறைவு என்றதும் பி அணு இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பி அணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ஐஜிஜி குறைந்திருந்தால், வயது வந்தவரிடம் சிவிஐடியை நினைக்க வேண்டும். கைக்குழந்தையிடம் அது தானே சரியாகும் தற்காலிகக் குறைவாகவும் இருக்கலாம். ஐஜிஎம் மட்டும் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்து மற்றவை குறைந்திருந்தால், பெரும்பாலும் பிழை டி அணுவில்: பி அணுவின் சிடி-40ஐத் தொட்டுக் கட்டளையிட வேண்டிய சிடி-154 இல்லை. ஐஜிஏ மட்டும் இல்லாதவர்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் பலர் எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

பெற்றோருக்கு: ஒவ்வொரு சளிக்கும் பயப்பட வேண்டாம். பாலர் பள்ளி போகும் பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கத்தான் செய்யும். ஒரே ஆண்டில் இரண்டு நிமோனியா, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் அடங்காத காதுச் சீழ், எடை ஏறாமை, இவை வேறு. பக்கத்துக் கிளினிக்கில் இன்னொரு புட்டி ஆண்டிபயோட்டிக் வாங்குவதோடு நின்றுவிடாமல், குழந்தை நல நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதல் பரிசோதனை சாதாரண இரத்தப் பரிசோதனைதான்: வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவுகள். அதில் குறை தெரிந்தால் அணு அடையாளச் சோதனை. நோய் உறுதியானால் உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

சிகிச்சை, இல்லாத எதிர்ப்பானை வெளியிலிருந்து கொடுப்பது. ஐஜிஜி உடலில் சுமார் மூன்று வாரங்களில் பாதியாகக் குறையும். அதனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தொகுதி மருந்தும் ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிக்கப்படுகிறது.