ஒரே அமர்விற் பீங்கான் பல்

“பல் போனாற் சொல் போச்சு” என்பர் நம் பெரியோர். பழுதுற்ற பல்லைப் பிடுங்கி எறிதல் எளிது. அதனைக் காத்தல் அரிது. அவ்வரிய பணிக்கு மேல்நாட்டறிஞர் கண்ட ஒரு நூதன முறையை இங்கு நோக்குவோம்.

சூத்தை விழுந்த பல்லை அடைப்பதற்குப் பாதரசம் கலந்த உலோகக் கலவையையே வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்டனர். அது உறுதியானதே, எனினும் அதன் கருமை வாயைத் திறந்தவுடன் தோன்றும். பின்னர் வெண்ணிறப் பிசின் வந்தது. அதுவோ இறுகும்போது சிறிது சுருங்கும். குழி பெரிதாயின் ஓரத்தில் நுண்ணிய இடைவெளி விழ, அதன் வழியே சூத்தை மீண்டும் புகும். முன்னரே சுட்ட பீங்கானுக்கு இக்குறையில்லை. நிறமும் பல்லோடு ஒத்திருக்கும். ஆனால், அச்செடுத்துத் தொழிற்கூடத்துக்கு அனுப்பி, அங்கே சூளையிற் சுட்டு வாங்க ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும். அதுவரை நோயாளர் தற்காலிக அடைப்புடன் காத்திருத்தல் வேண்டும்.

இத்தாமதத்தை நீக்க முடியாதா? சுவிற்சலாந்திலே, சூரிச் சர்வகலாசாலைப் பல் வைத்தியர் வேர்னர் மேர்மன் 1980ஆம் ஆண்டளவில் இதனைச் சிந்தித்தார். பல்லை அறிந்த அவருக்கு இயந்திரத்தை அறிந்த துணை வேண்டியிருந்தது. மின்பொறியியலாளரான மார்க்கோ பிராண்டெஸ்ரினி அவருடன் சேர்ந்தார். ஒளியினாற் பல்லின் அச்சை எடுக்கலாம் என்னும் எண்ணத்தைப் பிரான்சு தேசத்துப் பிரான்சுவா டூரே 1973ஆம் ஆண்டிலேயே தம் ஆய்வுரையில் வெளியிட்டிருந்தார். அதனை நோயாளரின் நாற்காலியருகே ஒரே அமர்வில் நிறைவேற்றுவதே சூரிச் அறிஞரின் இலட்சியம். 1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி அம்முறையில் முதலாவது நோயாளருக்குப் பீங்கான் அடைப்புப் பொருத்தப்பட்டது. “செரெக்” என்பது அக்கருவியின் பெயர்.

அது வேலை செய்யும் விதம் யாது? வைத்தியர் சூத்தையைக் களைந்து குழியைச் செம்மை செய்கின்றார். சிறு கமெரா ஒன்று அக்குழியை ஒளியினால் அளக்கின்றது. அவ்வளவுகளைக் கொண்டு கணனி திரையில் உருவத்தை அமைக்க, வைத்தியர் அதனைத் திருத்துகின்றார். பின்னர் வைரத்துகள் பதித்த கருவிகள், நீர் பாய்ந்துகொண்டிருக்க, சிறு பீங்கான் கட்டியொன்றைச் சில நிமிடங்களிற் கடைந்தெடுக்கின்றன. அடைப்பின் உட்புறத்தை அமிலத்தால் நுண்ணிதாய் அரித்து, பிசினால் பல்லோடு ஒட்டுகின்றனர்.

தொடக்கத்திற் குறைகள் பல இருந்தன. பல்லினுள் ஒளி ஊடுருவுமாதலால், அதன்மேல் வெண்பொடி தூவியே படமெடுத்தனர். மெல்லும் பரப்பை இயந்திரம் கடையவில்லை. வைத்தியரே வாயினுள் அராவிச் சீர்செய்தார். இன்றைய கருவிகள் பல பொடியின்றியே படமெடுக்கும்; முழு மகுடத்தையும் கடையும். ஊதா நிறமான ஒருவகைக் கட்டி கடைந்தபின் ஏறத்தாழ 850 பாகை சூட்டிற் சுடப்பட்டுப் பல்லின் நிறமும் மிகுந்த வலிமையும் பெறுகின்றது.

இதனால் நேரம் மாத்திரமன்றிப் பல்லும் மிஞ்சுகின்றது. உலோக அடைப்பு நழுவாமல் நிற்பதற்கு நல்ல பல்லையும் ஓரளவு வெட்டுதல் வேண்டும். பீங்கானோ ஒட்டப்படுவதால், சூத்தை நீங்கிய பின் எஞ்சிய பகுதியைப் பெரும்பாலும் காக்கலாம்.

ஆயினும் இது மந்திரமன்று. கமெரா கண்டதையே கணனி அறியும்; குழியின் ஓரம் முரசுக்குள் ஆழமாய்ச் சென்றாற் படமெடுப்பது கடினம். உமிழ்நீரோ இரத்தமோ பட்டாற் பிசின் நன்றாய்ப் பற்றாது. கருவியின் விலையும் பெரிது. ஆகவே செலவும் குறைவன்று. பல்லை இரவிரவாய்க் கடிப்போருக்குப் பீங்கான் வெடித்தலும் உண்டு.

மாணவர்களே, இதில் நாம் பெறும் படிப்பினை ஒன்றுண்டு. வைத்தியரும் பொறியியலாளரும் தத்தம் துறையுள் அடங்கி நின்றிருந்தால் இம்முறை தோன்றியிராது. மற்றொன்று வீட்டாருக்கு: பீங்கானைச் சூத்தை தின்னாது, அதனைத் தாங்கும் பல்லைத் தின்னும். காலையும் இரவும் பல் துலக்காதவருக்குச் சூரிச் நகரத்து இயந்திரமும் நெடுநாள் உதவாது.